அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது, பவர் பட்டனை அழுத்தலாமா?

ஓய்வு வாத்தியார் | புதன், மதியம் 2:50

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இருப்பது மேசைக் கம்ப்யூட்டர், எட்டாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11, பழைய ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி கிடையாது. காலையில் எட்டே முக்காலுக்கு ஒரு படிவத்தை பிரிண்ட் எடுத்துவிட்டு அணைக்கப் போனேன். வழக்கமான ஷட்டவுனோடு 'அப்டேட் செய்துவிட்டு ஷட்டவுன்' என்று ஒன்றும் இருந்தது. நல்லதுதானே என்று அதை அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். இன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணிக்கு கரண்ட் போகும் என்று நேற்றே பேப்பரில் படித்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். தண்ணீர் மோட்டாரைப் போட ஞாபகம் இருந்தது, இது மட்டும் மறந்துவிட்டது. வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை இருட்டு. கடைசியாகப் பேத்தி பார்த்தபோது 61% என்று இருந்ததாம்.

2 மணிக்கு கரண்ட் வந்தது, ஆன் செய்தேன். வட்டம் சுற்றியது, தானாகவே ஒருமுறை அணைந்து எழுந்தது, இப்போது 'மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம், அணைக்காதீர்கள்' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கிறது. நாற்பது நிமிடமாக அதே வரிதான். தெருமுனைக் கடைக்குப் போன் போட்டால், "ஃபார்மட் அடிச்சாத்தான் சார் சரியாகும், 1,500 ஆகும், எடுத்துட்டு வாங்க" என்கிறார். உள்ளே இருபது வருடப் போட்டோக்கள் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் பார்க்கலாமா? பக்கத்து வீட்டுத் தம்பி இனிமேல் அப்டேட்டே வராதபடி செய்து தருகிறேன் என்கிறான், அதையும் செய்யச் சொல்லட்டுமா?

எலிப்பொறி | புதன், மதியம் 2:57

சார், பட்டனில் கை வைக்காதீர்கள். கேபினெட்டின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறதா, மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார் | புதன், மதியம் 3:02

மினுக்குகிறது. காதை வைத்தால் கரகரவென்று சத்தமும் கேட்கிறது.

எலிப்பொறி | புதன், மதியம் 3:31

அப்படியானால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் இந்தத் திரும்ப எடுக்கிற வேலை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்கூட இழுக்கும், சதவீதம் காட்டாது, பார்க்கிறவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். கடைக்காரர் சொன்ன ஃபார்மட் என்பது எல்லா வழியும் அடைபட்ட பிறகு யோசிக்க வேண்டியது. காய்ச்சல் என்று போனவரிடம் எடுத்தவுடனே ஆபரேஷன் என்பது போல இருக்கிறது அது.

நீங்கள் காத்திருக்கிற நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அப்டேட் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று தனித்தனி வேலை. முதலாவது டவுன்லோட். இதில் கரண்ட் போனாலும் நெட் போனாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி வரும்போது விட்ட இடத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இரண்டாவது, நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டோ பாட்டு கேட்டுக்கொண்டோ இருக்கும்போதே பின்னணியில் நடக்கும் நிறுவல். புதிய கோப்புகளைப் பிரித்து, சரிபார்த்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஒரு கிடங்கில் கொண்டுபோய் அடுக்கும். கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று நாம் திட்டுகிற நேரம் பெரும்பாலும் இதுதான். மூன்றாவதுதான் அந்த சதவீதத் திரை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாத கோப்புகளை மாற்றுகிற நேரம். இதில்தான் உங்களுக்குக் கரண்ட் போயிருக்கிறது.

ஆனால் இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. கல்யாண வீட்டில் மொய் வாங்குகிறவர் பணத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் நோட்டில் எழுதிவிடுவார் இல்லையா, நடுவில் கரண்ட் போனாலும் நோட்டைப் பார்த்தால் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். விண்டோஸும் எந்தக் கோப்பை எங்கே மாற்றப் போகிறோம் என்று முதலில் டிஸ்க்கில் ஒரு பட்டியல் எழுதிவிட்டுத்தான் மாற்றத் தொடங்கும். அடுத்த முறை எழுந்ததும் பட்டியலைப் பார்க்கும், தொடர முடிந்தால் தொடரும், இல்லாவிட்டால் செய்ததையெல்லாம் தலைகீழாகத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டாவது. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கிற என்டிஎஃப்எஸ் அமைப்பும் தன் பங்குக்கு இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறது. அதனால் ஒரே ஒரு கரண்ட் கட்டில் கம்ப்யூட்டர் செத்துப்போவது அபூர்வம். திருப்புகிற நேரத்தில் பொறுமையில்லாமல் பட்டனை அழுத்தி அழுத்தி அணைக்கிறார்கள் பாருங்கள், அதில்தான் சாகிறது.

ஒருவேளை விளக்கு முழுசாக நின்று, மூன்று நான்கு மணி நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் அப்போது அணைக்கலாம். தொடர்ந்து இரண்டு முறை சரியாக எழ முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீலத் திரைக்குப் போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே கடைசி அப்டேட்டை நீக்க ஒரு வழி இருக்கும். போட்டோக்களுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. மிக மோசமான நிலையில்கூட டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம், டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருக்காத வரையில்.

தடுப்பணை | புதன், மாலை 4:15

வாத்தியாருக்கு வந்த கஷ்டத்தைப் பார்த்த பிறகுமா அப்டேட் வேண்டும் என்கிறீர்கள்? நான் மூன்று வருடமாக முழுசாக நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பெரிய அப்டேட் ஞாபகம் இருக்கிறதா? சிலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புகளையே அழித்துவிட்டது, சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்தி வைத்தார்கள். 2024 ஜூலையில் விமான நிலையமெல்லாம் நீலத் திரை ஆனதே, அதுவும் அப்டேட்தானே. பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வது சரி. பின்னணியில் ஓடுகிற அப்டேட் சர்வீஸை டிசேபிள் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள் சார்.

எலிப்பொறி | புதன், மாலை 4:40

முதல் விஷயம் உண்மை, மறுக்கவில்லை. 2024 ஜூலை 19 மட்டும் வேறு கதை. அது விண்டோஸ் அப்டேட்டே கிடையாது, கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் தன் சொந்த வழியில் அனுப்பிய கோப்பு. ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தன, ஆனால் அதை நிறுவனங்கள்தான் காசு கொடுத்துப் போட்டிருந்தன. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதனால் ஒன்றும் வரவில்லை.

நீங்கள் ஒரு உதாரணம் சொன்னீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்கிற வைரஸ் பரவியது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இரண்டு மாதம் நேரம் இருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலானோர் விண்டோஸ் 7 வைத்துக்கொண்டு அதைப் போடாமல் இருந்தவர்கள்தான். நிறுத்தி வைத்து ஒன்றும் ஆகவில்லை என்பது பூட்டாத வீட்டில் இதுவரை திருடன் வரவில்லை என்பது மாதிரி.

அப்புறம் அந்த சர்வீஸை டிசேபிள் செய்தாலும் அதைக் கவனித்துத் திரும்ப எழுப்பிவிட இன்னொரு சர்வீஸ் உள்ளே இருக்கிறது. உங்களுடையது மூன்று வருடமாக உண்மையிலேயே நின்றிருக்கிறதா என்று அப்டேட் ஹிஸ்டரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

தடுப்பணை | புதன், மாலை 5:05

பார்த்தேன். போன மாதம் ஒன்று ஏறியிருக்கிறது. இதைப் பற்றி நான் மேற்கொண்டு பேசவில்லை.

பனங்கிழங்கு | புதன், மாலை 5:30

😂 மன்னிக்கோணும் தடுப்பணை அண்ணை, சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் யாழ்ப்பாணம். 2022இல் எங்களுக்கு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள், அந்த மாதங்களில் நான் பழகிய பழக்கம்தான் இன்றும் இருக்கிறது. பிறகு 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்க இருண்டது. குரங்கு நேரசூசி கேட்டு வருவதில்லை. ஆகவே அறிவித்த வெட்டை மட்டும் நம்பிப் பிரயோசனமில்லை.

என் வழக்கம் இதுதான். அக்டிவ் அவர்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, அதிகபட்சம் 18 மணித்தியாலம் வரை வைக்கலாம், நான் காலை 6 முதல் இரவு 12 வரை என்று வைத்திருக்கிறேன், அந்த நேரத்துக்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. பரீட்சைக்காலம், வேலை நெருக்கடி என்றால் அப்டேட்டை இடைநிறுத்துகிற பாஸ் (pause) பொத்தான், ஐந்து கிழமை, அதாவது ஐந்து வாரம், வரை தள்ளிப்போடலாம். அந்தக் காலம் முடிந்தால் நிலுவையில் உள்ளதைப் போட்டபிறகுதான் திரும்பவும் பாஸ் செய்யவிடும், அது நியாயம்தான். கைபேசி டேட்டாவில் இணைக்கிறவர்கள் அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிட்டால் டேட்டாவைக் குடிக்காது.

மடிக்கணினிக்காரருக்கு பற்றரியே யூபிஎஸ், ஆனால் அதை நம்பிப் பத்து வீதச் சார்ஜில் அப்டேட் தொடங்குகிறவரையும் நான் கண்டிருக்கிறேன். என் மச்சான்தான்.

சிவப்பு ரப்பர் | புதன், இரவு 7:12

இடையில் ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். நான் தினமும் இரவு ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் படுப்பேன். இன்று டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' 19 நாள் என்று காட்டுகிறது. எப்படி? நான் தூங்கிய பிறகு யாராவது ஆன் செய்கிறார்களா? 😳

எலிப்பொறி | புதன், இரவு 7:40

பேய் எல்லாம் இல்லைங்க. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், நாம் அழுத்துகிற ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை. உங்கள் புரோகிராம்களையெல்லாம் மூடி, உங்களை லாக் ஆஃப் செய்துவிடும், அதுவரை சரி. ஆனால் அடியில் இருக்கிற கெர்னல் என்கிற மையப் பகுதியையும், கருவிகளை இயக்குகிற டிரைவர்களையும் அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கும், காலையில் அதை வாசித்துச் சீக்கிரம் எழும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று பெயர். ஹார்ட் டிஸ்க் காலத்தில் அது பெரிய உபகாரம். எஸ்எஸ்டி இருந்தால் சில விநாடிதான் லாபம்.

இதில் விசித்திரம் என்னவென்றால் ஷட்டவுன் செய்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட்தான் முழுச் சுத்தம், அதில் கெர்னல் புதிதாக எழும். ப்ளூடூத் வேலை செய்யவில்லை, சவுண்ட் வரவில்லை என்று வருகிறவர்களிடம் ரீஸ்டார்ட் செய்தீர்களா என்று கேட்டால், "இப்பத்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன்" என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை. முழுசாக அணைக்க வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். நிரந்தரமாக வேண்டாமென்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பக்கத்தில் டிக்கை எடுத்துவிடலாம். ஒரே டிஸ்க்கில் லினக்ஸ் என்கிற இன்னொரு இயங்குதளமும் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், பாதித் தூக்கத்தில் இருக்கிற விண்டோஸ் பகுதியில் அந்தப் பக்கமிருந்து எழுதினால் கோப்புகள் நாசமாகும்.

பெங்குயின் பக்தன் | புதன், இரவு 7:44

என் பெயர் அழைக்கப்பட்டது போல இருந்தது.

பனங்கிழங்கு | புதன், இரவு 7:46

வந்துவிட்டார்.

பெங்குயின் பக்தன் | புதன், இரவு 8:10

இந்த முறை லினக்ஸுக்கு மாறச் சொல்ல வரவில்லை, சத்தியமாக. எங்கள் பக்கமும் இதே கதை உண்டு என்று சொல்லத்தான் வந்தேன். உபுண்டு என்கிற லினக்ஸ் வகையில் பாதுகாப்பு அப்டேட்டுகள் பின்னணியில் தானாகவே ஏறும், அது ஓடுகிறபோது கரண்ட் போனால் அடுத்தமுறை மென்பொருள் பேக்கேஜ்களை நிறுவுகிற டிபிகேஜி குறுக்கே நிற்கும், பாதியில் விட்ட பேக்கேஜ்களை முதலில் முடித்துக்கொடு என்று கட்டளையையும் அதுவே எழுதிக் காட்டும். எங்களில் பெருமை பேசுகிற பலர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், திருப்புகிற வேலையைத் தானாகச் செய்ய விண்டோஸில் இருப்பது போன்ற ஏற்பாடு வழக்கமான உபுண்டுவில் கிடையாது. கெர்னல் மட்டும் பழையது ஒன்றை எப்போதும் விட்டு வைத்திருக்கும், ஆன் செய்யும்போது வருகிற கிரப் மெனுவில் அதைத் தேர்ந்து எழுந்துகொள்ளலாம்.

திரை உறைந்துவிட்டால் பவர் பட்டனுக்குப் போகும் முன் இன்னொன்று. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்று ஒவ்வொன்றாக, சில விநாடி விட்டு விட்டு. நினைவகத்தில் நிற்பதை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கை வாசிக்க மட்டும் என்று மாற்று, ரீஸ்டார்ட் செய். இதற்கு முன்னால் ஆர், ஈ, ஐ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள், உபுண்டுவில் ஆரம்ப அமைப்பில் அவை எடுபடாது.

கரண்ட் கம்பம் | புதன், இரவு 8:35

எல்லோரும் விண்டோஸையே பேசுகிறீர்கள், கரண்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வாத்தியார் ஐயா, வீட்டில் இன்வெர்ட்டர் இல்லையா?

ஓய்வு வாத்தியார் | புதன், இரவு 9:05

முதலில் நல்ல செய்தி. மூன்றே முக்காலுக்கு டெஸ்க்டாப் வந்துவிட்டது! போட்டோக்கள் எல்லாம் இருக்கின்றன, அவசரமாகப் பேத்தி அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள், அது முடிந்த பிறகுதான் எழுத வந்தேன். பட்டனை அழுத்தாமல் தடுத்த எலிப்பொறி அவர்களுக்கு நன்றி. கடைக்காரர் மறுபடி போன் செய்தார், "தானா சரியாயிருச்சா? அது தற்காலிகம்தான் சார்" என்றார். இருக்கட்டும்.

கரண்ட் கம்பம் அவர்களே, இன்வெர்ட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டரும் அந்த லைனில்தான் இருக்கிறது. ஆனால் கரண்ட் போகிற நொடியில் ஃபேனும் லைட்டும் ஓடும், கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து எழும். இன்றும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும், அதற்குள் பேத்தி பயந்துபோய் சுவிட்சையே நிறுத்திவிட்டாள். அதனால்தான் இன்வெர்ட்டர் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

கரண்ட் கம்பம் | புதன், இரவு 9:30

அதைத்தான் எதிர்பார்த்தேன். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் முன்னாலோ பின்னாலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஒரு பக்கம் யூபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல் அல்லது இக்கோ. நார்மலில் வைத்திருந்தால் வோல்டேஜ் நன்றாகக் குறைந்தாலும் மெயின் லைனையே பிடித்துக்கொண்டிருக்கும், பேட்டரிக்கு மாறவும் நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி, தரமானதாக இருந்தாலும், கரண்ட் இல்லாமல் 16, 17 மில்லி விநாடிதான் தாங்கும். யூபிஎஸ் பக்கம் வைத்தால் பெரும்பாலும் அதற்குள் மாறிவிடும். மலிவான கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் அப்போதும் சொல்ல முடியாது, மாற்றிப் பார்த்துவிட்டு மெயினை ஒருமுறை நிறுத்திச் சோதியுங்கள். சோதிக்கும்போது முக்கியமான எதையும் திறந்து வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு 600 விஏ யூபிஎஸ் போதும், டெஸ்க்டாப்பும் மானிட்டரும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். அது வேலையைத் தொடர்வதற்கு இல்லை, சேவ் செய்து ஒழுங்காக அணைப்பதற்கு. உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். பீப் என்று கத்தி உடனே அணைகிற யூபிஎஸ்ஸை வருடக்கணக்காக வைத்துக்கொண்டு, யூபிஎஸ் இருக்கிறது என்று நம்புகிற வீடுகள் ஏராளம். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள், ஒரே இழுப்பில் சாய்த்துவிடும்.

எலிப்பொறி | புதன், இரவு 10:15

மகிழ்ச்சி சார். இன்னும் மூன்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

நேற்று இரவு வந்தது மாதாந்திர அப்டேட். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியிடுவார்கள், நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆக புதன் காலை நாம் ஆன் செய்ததும் தேடி வந்து நிற்கும். 2003லிருந்து இந்தக் கணக்குதான். நீங்கள் ஞாயிறு வரை பாஸ் செய்து வையுங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும், தடுப்பணைக்கும் அது சம்மதமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, 'அப்டேட் செய்துவிட்டு ஷட்டவுன்' வேண்டாம், 'அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட்' கொடுத்து லாகின் திரை வரும்வரை கூடவே இருங்கள். ஷட்டவுனில் பாதி வேலைதான் அப்போது முடியும், மீதி அடுத்து ஆன் செய்யும்போது வந்து நிற்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் ஆதாரோ ரயில் டிக்கெட்டோ எடுக்க உட்கார்ந்திருப்பீர்கள். தவிர ஷட்டவுன் கொடுத்தும் அணையாமல் லாகின் திரையில் வந்து நிற்கிற கோளாறு ஒன்று வெகுகாலம் இருந்தது, 2025 அக்டோபர் கடைசியில் வந்த முன்னோட்ட அப்டேட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். உங்களுடையது ஹார்ட் டிஸ்க் என்பதால் டெஸ்க்டாப் வந்த பிறகும் கால் மணி நேரம் கரகரக்கும், அதையும் முடிய விடுங்கள்.

மூன்றாவது. பயோஸ் அல்லது ஃபர்ம்வேர் என்று பெயரில் வந்தால் மட்டும் நான் மேலே சொன்ன மொய் நோட்டு ஆறுதல் எதுவும் செல்லாது. அது மதர்போர்டில் இருக்கிற சிப்பை எழுதுவது, பாதியில் நின்றால் பல போர்டுகளில் திரையே வராது. இன்வெர்ட்டர் சோதனை முடியும்வரை அதைத் தொடாதீர்கள். பயோஸ் அப்டேட் முடிந்து எழும்போது சில மெஷின்கள், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டுகிற பிட்லாக்கரின் சாவி, 48 இலக்கம், கேட்கும். வீட்டு மெஷினில் அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே உள்ளே போய்ப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சிவப்பு ரப்பர் | புதன், இரவு 10:31

ரீஸ்டார்ட் செய்தேன். 19 நாள் போய் 3 நிமிடம் என்று காட்டுகிறது. சவுண்டும் வந்துவிட்டது, அது போய் ஒரு வாரம் ஆகியிருந்தது, கேட்கக் கூச்சமாக இருந்ததால் எழுதவில்லை.

ஓய்வு வாத்தியார் | ஞாயிறு, காலை 11:20

இன்று காலை அப்டேட் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். 38 நிமிடம். 61% வந்தபோது பேத்தி கைதட்டினாள். முடிந்துவிட்டது.

பிட்லாக்கர் பார்த்தேன், என் மெஷினில் போடவில்லை என்றே காட்டுகிறது. பயோஸ் எதுவும் வரவில்லை.

இன்வெர்ட்டரை நேற்றுத்தான் நகர்த்தினோம். பின்னால் ஒட்டடைக்கு நடுவே அந்த சுவிட்ச் இருக்கிறது, நார்மலில்தான் இருந்திருக்கிறது, வாங்கி ஏழு வருடமாக. யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரில் சும்மா டெஸ்க்டாப்பை மட்டும் வைத்துக்கொண்டு மெயினை நிறுத்தினோம். மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் கம்ப்யூட்டர் அசையவில்லை. ஃபேன் மட்டும் லேசாக ஒரு உறுமல் உறுமுகிறது, அது பரவாயில்லையா கரண்ட் கம்பம் அவர்களே? பேட்டரியில் தண்ணீர் மட்டம் சிவப்புக்குக் கீழே இருக்கிறது, அதையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கரண்ட் கம்பம் | ஞாயிறு, காலை 11:34

உறுமல் பரவாயில்லை, பல இன்வெர்ட்டர்களில் கேட்பதுதான். தண்ணீர் இன்றைக்கே ஊற்றுங்கள் ஐயா, டிஸ்டில்டு வாட்டர், பெட்ரோல் பங்கில் கேட்டால் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், மினரல் வாட்டரும் வேண்டாம்.